மணக்கிறதே, நல்லதுதானே?

உங்கள் மூக்கின் மேல் உங்களுக்கு நம்பிக்கை உண்டா, அம்மா? இல்லாமல் என்ன! கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பெருங்காயத்தை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "இது வேண்டாம், அந்த டப்பாவை எடுங்கள்" என்று சொல்லுகிறவர் நீங்கள். நெய் ஜாடியின் மூடியைத் திறந்ததுமே, அது காய்ச்சி எத்தனை நாளாயிற்று என்று உங்களுக்குத் தெரிந்து போகிறது. அடுப்பங்கரையில் காப்பிக்கொட்டை வறுபடும்போது, கூடத்தில் உட்கார்ந்தபடியே, "போதும், இறக்கு, கருகப் போகிறது" என்று குரல் கொடுக்கிறீர்கள். வீட்டுக்குள் வரும் சாமான் எதுவானாலும் முதல் பரீட்சை மூக்குக்கு, அப்புறந்தான் நாக்குக்கு. மணம் இருந்தால் சரக்கும் நல்ல சரக்கு. பாட்டி காலத்திலிருந்து நாம் படித்து வந்த பாடம் இது.

இந்தப் பாடம் பலிக்காத சரக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசப் போகிறேன். ஹூக்காவில் வைத்துக் குடிக்கிறார்களே, அந்த வாசனைப் புகையிலை.

"ஐயையோ, இதென்ன விபரீதம்! குடும்பப் பத்திரிகையில் ஹூக்காவா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் எங்கள் ஆசிரியரிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "குடிப்பது எப்படி என்று உங்களை யார் எழுதச் சொன்னது? அதில் உசத்தி, மட்டம் என்று தரம் பிரிக்கிறார்கள் அல்லவா? எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். காலேஜில் ரசாயனம் படித்தவர் நீங்கள்தானே?" என்றார். படித்த படிப்பு எப்போது எந்த ரூபத்தில் வந்து காலைச் சுற்றும் என்று யாரால் சொல்ல முடியும்?

முதலில் கொஞ்சம் பூர்வோத்தரம். புகையிலை நம் தேசத்துச் செடியல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் மூலமாக இங்கே வந்து சேர்ந்தது. 1604ஆம் வருஷ வாக்கில், பீஜப்பூருக்குத் தூது போய்த் திரும்பிய அஸத் பேக் என்பவர் அக்பர் பாதுஷாவின் சமூகத்தில் புகையிலையையும், ரத்தினங்கள் பதித்த ஒரு புகைக்குழாயையும் காணிக்கையாக வைத்தார். பாதுஷா ஆசையாக இரண்டு இழுப்பு இழுத்தார். பக்கத்தில் நின்ற அரண்மனை வைத்தியருக்குக் கதிகலங்கிவிட்டது. "எந்த வைத்திய நூலிலும் இல்லாத வஸ்து. பிரபு இதைத் தொடலாகாது" என்று தடுத்தார். அஸத் பேக் விடவில்லை. "உலகத்தில் எல்லா வழக்கமும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதானே?" என்று வாதாடினார். அக்பர் இரண்டு கட்சியையும் கேட்டு ரசித்தார். ஆனால் பிறகு அவர் அதைத் தொடவில்லை. தொட்டவர்கள் பிரபுக்கள். அடுத்துப் பட்டத்துக்கு வந்த ஜஹாங்கீர் 1617ல் புகையிலைக்குத் தடை போட்டார். தடை ஏட்டோடு நின்றது. புகை நாடெல்லாம் பரவியது.

புகையைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தால் தோஷம் போய்விடும் என்று யோசனை சொன்னவர், அக்பரிடம் இருந்த ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி என்று ஒரு கதை சொல்லுவார்கள். அந்த ஹக்கீம் காலமானது 1589ல். அக்பர் சமூகத்துக்குப் புகையிலை வந்தது அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து! கணக்கு உதைக்கிறது. ஆனாலும் கதையின் சாரம் மட்டும் நானூறு வருஷமாக உயிரோடு இருக்கிறது: "தண்ணீர் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்." இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

பிறகு ஹூக்காவுக்கு வந்த யோகத்தைக் கேட்க வேண்டுமா? பீதரில் கறுப்பு உலோகத்தில் வெள்ளி இழைத்து அதற்குக் குடுவை செய்தார்கள். இன்று அவை அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 1779ல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதிகள் அனுப்பிய விருந்து அழைப்பில், ஹூக்கா தூக்குகிற ஆளைத் தவிர வேறு வேலைக்காரர்களை அழைத்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்கே போன ஹூக்காவுக்கு 'நார்கிலே' என்று பெயர் ஏற்பட்டது. பாரசீகத்தில் நார்கில் என்றால் தேங்காய், நம்முடைய நாரிகேளந்தான்! ஆதியில் தேங்காய்ச் சிரட்டையே தண்ணீர்க் குடுவையாக இருந்ததன் அடையாளம் அது. தமிழிலும் 'குடாக்கு' என்று ஒரு பழைய சொல் உண்டு. புகையிலையும் வெல்லப்பாகும் கலந்த ஹூக்காச் சரக்குக்குப் பெயர் அது.

அந்த வெல்லப்பாகிலிருந்துதான் நம் விஷயம் ஆரம்பமாகிறது. வெறும் புகையிலை காறலும் கசப்புமாக இருக்கும், தொண்டையைப் பிடிக்கும். அதன் முரட்டுத்தனத்தை அடக்க இனிப்பும் வாசனையும் சேர்த்தார்கள். வடக்கே லக்னோ இதற்குப் பெயர் போன ஊர். அங்கே சரக்கை மூன்று ஜாதியாகப் பிரிப்பார்கள். கசப்புச் சரக்கு 'கட்வா'. இனிப்பும் மணமும் ஏற்றிப் புளிக்கவைத்தது 'கமீரா'. இரண்டையும் கலந்தால் 'தோரஸா', அதாவது இரட்டைச் சுவை. கமீர் என்றால் புளிப்பு, நுரைப்பு. நாம் இட்லி மாவு பொங்கிவிட்டது என்கிறோமே, அந்தச் சங்கதி.

சில வருஷங்களுக்கு முன் வேறு ஒரு காரியமாக லக்னோவுக்குப் போயிருந்தபோது, சௌக் பகுதியில் இப்படிப்பட்ட கடை ஒன்றில் ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருக்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. அத்தர் கடைகளும், சிக்கன் பூவேலைத் துணிக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் குறுகலான சந்து. கடை முதலாளி எழுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தாடி, வெள்ளைக் குர்த்தா. "வா பேட்டி, உட்கார். குடிக்கிறவர்கள் வருகிறார்கள், விற்கிறவர்கள் வருகிறார்கள். கேட்டு எழுதிக்கொள்ள வந்தது நீ ஒருத்திதான்" என்று சொல்லித் தேநீர் வரவழைத்தார்.

கமீரா செய்கிற முறையை அவர் சொல்லக் கேட்டபோது, ஏதோ லேகியம் கிளறுகிற வீட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. இலையை இடித்துத் தூளாக்கி, கரும்புப் பாகு விட்டுப் பிசைய வேண்டும். அன்னாசி, இலந்தை, பலாச்சுளை என்று கனிந்த பழங்களைச் சேர்க்க வேண்டும். சந்தனத்தூள், ஏலம், கிராம்பு, ஜடாமாஞ்சி, கோரைக்கிழங்கு இவையெல்லாம் அளவோடு. பிறகு பானையில் அடைத்து மூடி, மாதக் கணக்கில் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் சரக்கு கெட்டது.

"நல்ல சரக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டேன்.

அவர் ஒரு பானையிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் கிள்ளி எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். "ரேகை பதிய வேண்டும். பதிந்தது உதிரக் கூடாது. விரலோடும் வரக் கூடாது. உதிர்ந்தால் காய்ந்த சரக்கு, சீக்கிரம் கருகும். ஒட்டிக்கொண்டால் பாகு அதிகம், நெருப்பு ஏறாது. நரம்பும் காம்பும் விரலில் நெருடக் கூடாது" என்றார். மேலும் சொன்னார்: "சிலம் என்கிற மண் கிண்ணத்தில் இதை வைத்து, மேலே ஒரு வில்லையை மூடி, அதன்மேல் தணல் போடுவோம். முதல் இழுப்பிலேயே மணம் குப்பென்று வந்து, பத்தாவது இழுப்பில் காணாமல் போனால், அது மேலே தெளித்த வாசனை. மெள்ள மெள்ள ஏறிக் கடைசி வரை நின்றால், அது உள்ளே ஊறிய வாசனை."

"முகர்ந்து பார்க்க மாட்டீர்களா?"

பெரியவர் சிரித்தார். கிள்ளிய சரக்கை ஒரு சின்னத் தட்டில் வைத்து வேலையாளிடம் கொடுத்தார். அவன் அதைக் கடைக்குப் பின்னால் இருந்த திரைக்குள் கொண்டு போனான். ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: "இன்னும் பன்னிரண்டு நாள்."

பெரியவர் பானையை மூடிவிட்டார். "என் மூக்கு போய்ப் பத்து வருஷமாயிற்று, பேட்டி. ஐம்பது வருஷம் ஹூக்காவே கதி என்று இருந்தவன். இப்போது ரோஜா அத்தரும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். இந்தக் கடைக்கு மூக்கு என் மருமகள்" என்றார்.

அவர் அனுமதியோடு திரைக்குள் போனேன். மருமகளுக்கு நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை கோதுமை மாவு. சப்பாத்திக்குப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்து மூடா போட்டு உட்காரச் சொன்னாள். "பெரிய வித்தை ஒன்றுமில்லை, பாஜி" என்றாள் தணிந்த குரலில். "மாவு புளித்ததா என்று பார்க்கிறோமே, அப்படித்தான். புளிப்பு மூக்கைக் குத்தினால் நாள் கடந்துவிட்டது. வெறும் பாகு வாசனை வந்தால் இன்னும் ஆகவில்லை. அத்தர் மட்டும் மணத்தால் யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் தேய்த்துக் கையைக் கழுவிவிடுவேன். ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தால் சந்தனம் இருக்க வேண்டும். அதற்கு அடியில் இலையும் இருக்க வேண்டும்."

"நீங்கள் ஒரு தடவையாவது குடித்துப் பார்த்ததுண்டா?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "எதற்கு, பாஜி? இதில் நல்லது என்று ஏதாவது இருந்தால், அது நெருப்பு வைப்பதற்கு முன்பே மூக்குக்குக் கிடைத்துவிடுகிறது. நெருப்பு வைத்த பிறகு என்ன கிடைக்கும் என்பதை என் மாமனார் உங்களுக்குச் சொல்லியிருப்பாரே!" தன் பிள்ளைகள் இருவரையும் கடைப்பக்கம் உட்கார விடுவதில்லை என்றும் சொன்னாள். அந்தச் சந்திலேயே கமீராவுக்கு முதல் தரப் பரீட்சகர், அதை ஒரு நாளும் குடித்திராத ஒரு ஸ்திரீ! விசித்திரமாக இல்லையா?

லக்னோவின் கதை பழைய கதை. நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் விழுந்திருப்பது எகிப்திலிருந்து வந்த கதை. அங்கே இந்தச் சரக்குக்கு 'முஅஸ்ஸல்' என்று பெயர். அரபியில் 'தேன் சேர்ந்தது' என்று அர்த்தம். ஒரு காலத்தில் கெய்ரோவின் காப்பிக் கடைகளில் வயதான ஆண்கள்தான் ஷீஷாக் குழாயும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். 1990களில் எகிப்தியக் கம்பெனிகள் ஆப்பிள், மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி, புதினா என்று பழவாசனைகளை ஏற்றி அழகான அட்டைப் பெட்டிகளில் போட்டு விற்கத் தொடங்கின. காட்சி மாறிவிட்டது. காறலுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த இளைஞர்களும் பெண்களும் குழாயைக் கையில் எடுத்தார்கள். 1913ல் எகிப்தில் தொடங்கிய 'நக்லா' என்ற பழைய கம்பெனியை, 2012ல் ஜப்பானைச் சேர்ந்த மாபெரும் சிகரெட் கம்பெனி விலைக்கு வாங்கத் துணிந்தது என்றால், இந்த மணத்துக்கு என்ன மதிப்பு என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புதுச் சரக்கைத் தரம் பார்க்கும் வித்தையை எனக்குச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? என் அண்ணன் மகள்! வெளியூரில் காலேஜில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளை எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதெல்லாம் தாத்தா காலத்து விஷயம். நான் சொல்லுகிறேன், எழுதிக்கொள்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் குடிக்கவில்லை, அத்தை. தோழிகள் குடிக்கும்போது கூட இருந்திருக்கிறேன்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பேனாவை எடுத்தேன். நிருபர் உத்தியோகத்தில் முதலில் கற்றுக்கொள்ளுவது அதுதான்.

அவள் சொன்னதைச் சொல்லுகிறேன். பெட்டியைத் திறந்ததும் நிறம் பார்க்க வேண்டும். காரம் குறைய இலையை அலசிச் செய்த சரக்கு பொன்னிறமாகவோ சிவப்பாகவோ இருக்கும். அலசாத சரக்கு கறுப்பு. நிகோடின் அதிகம், தலையைச் சுற்றும். காம்பு கிடக்கக் கூடாது. சாறு அடியில் தங்கியிருந்தால் கிளறிவிட்டுக் கிண்ணத்தில் தளரப் போட வேண்டும். திணித்தால் காற்று ஓடாது. மேலே மூடுகிற அலுமினியத் தாளில் சரக்கு பட்டால் கருகிப் போகும். 'டபுள் ஆப்பிள்' என்று பெயர் பெற்ற சரக்கில் ஆப்பிளைவிடச் சோம்பு வாசனைதான் முந்தி நிற்கும். அது தெரியாதவர்கள், பெட்டி மாறிவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்களாம்! புதினாச் சரக்கு ஒரு தடவை ஓடிய ரப்பர்க் குழாயில் அடுத்த நாள் ரோஜாவைப் போட்டாலும் புதினாதான் மணக்கும்.

"முடிவாக மார்க் போடுவது நாலு விஷயத்துக்கு, அத்தை" என்று விரல் விட்டு எண்ணினாள். "ஒன்று, வாசனை பெட்டியில் எழுதியிருக்கிறபடி இருக்க வேண்டும். இரண்டு, புகை வெள்ளையாகத் திரண்டு வர வேண்டும். மூன்று, தொண்டையில் உறுத்தக் கூடாது. நாலு, ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். நாலும் இருந்தால் அது முதல் தரம்."

அன்று ராத்திரி அந்த நாலு மார்க்கையும் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலேஜில் படித்த ரசாயனமும், பிறகு தேடிப் படித்த வைத்தியக் குறிப்புகளும் கை கொடுத்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் வாசனை. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாய் ஒன்றை வாயில் போடுங்கள். இனிப்பு தெரியும், ஏலக்காய் தெரியாது. மூக்கை விட்டதும் ஏலம் கமகமவென்று வரும். 'ருசி' என்று நாம் சொல்லுவதில் பெரும் பகுதி மூக்குக்குப் பின்புற வாசலால் போகிற மணந்தான். ஹூக்காவின் ஆப்பிளும் மாம்பழமும் அப்படித்தான். பெருங்காயத்தின் மணம் பெருங்காயத்தின் சொந்த மணம். அதனால் அது சாட்சி சொல்ல யோக்கியதை உள்ளது. முஅஸ்ஸலில் மணப்பது ஆப்பிள், எரிவது வேறு. ஒருவனைப் பற்றி இன்னொருவன் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் மாதிரி!

இரண்டாவது, வெள்ளைப் புகை. இது இலையின் பெருமை அல்ல. சரக்கில் கிளிசரின் சேர்க்கிறார்கள். இருமல் மருந்திலும் கைக்குத் தடவும் களிம்பிலும் இருக்கிறதே, அதே கிளிசரின். சூடு ஏறியதும் அது ஆவியாகி, குளிர்ந்து, நுண்ணிய துளிகளாகி மேகம் போலத் திரளுகிறது. அந்தத் துளிகளோடு நிகோடினும் தாரும் சவாரி செய்கின்றன. சூடு மிஞ்சினால் கிளிசரினே அக்ரோலீன் என்ற நெடியுள்ள விஷப் பொருளாக மாறும். சர்க்கரைப் பாகு கருகினால் ஃபார்மால்டிஹைடு போன்றவை பிறக்கும். சில பெட்டிகளில் 'தார் 0 சதவிகிதம்' என்று அச்சடித்திருப்பார்கள். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. பெட்டிக்குள் தார் ஏது? கரியடுப்பில் வைப்பதற்கு முன் பாத்திரத்திலும் கரி கிடையாது. அடுப்பில் ஏற்றினால் அல்லவா பிடிக்கிறது!

மூன்றாவது, தொண்டையில் உறுத்தாமை. இங்கேதான் ஹக்கீமின் தண்ணீர் வருகிறது. தண்ணீர் புகையைக் குளிர வைக்கிறது, ஈரமாக்குகிறது. நிகோடினில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளுகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவதே அபூர்வம். மற்ற நச்சுப் பொருள்களிலும் பெரும்பகுதி குமிழிக்குள் உட்கார்ந்துகொண்டு மேலே வந்துவிடுகிறது. இருமல் என்பது சுவாசப்பைக்கு வாசல் காவலாளி. வீட்டுக்குள் வந்தவன் திருடன் என்று தெரிந்தால் சத்தம் போடுவான். தண்ணீரும் கிளிசரினும் வாசனையும் சேர்ந்து அந்தக் காவலாளியைத் தூங்க வைத்துவிடுகின்றன. திருடன் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாவது, ஒரு மணி நேரம் நிற்பது. உலக சுகாதார ஸ்தாபனம் 2005ல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பில் இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு சிகரெட்டை 5 முதல் 7 நிமிஷத்துக்குள், 8 முதல் 12 இழுப்பில் முடிக்கிறார்கள். ஒரு இழுப்புக்கு 40 முதல் 75 மில்லிலிட்டர் புகை. ஆக மொத்தம் சுமார் அரை லிட்டர். ஹூக்காவுக்கு உட்கார்ந்தால் 20 முதல் 80 நிமிஷம். 50 முதல் 200 இழுப்பு. ஒரு இழுப்பே 150 மில்லிலிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறவர் இழுக்கும் புகை, அளவில், 100 சிகரெட்டுக்கோ அதற்கு மேலோ ஈடாகலாம் என்று அந்தக் குறிப்பு சொல்லுகிறது. எல்லா விஷமும் நூறு மடங்கு என்று அர்த்தமல்ல. உள்ளே போகிற புகையின் கொள்ளளவைச் சொல்லுகிறார்கள். அந்தப் புகையோடு தணலின் கார்பன் மோனாக்சைடும் அந்த ஒரு மணி நேரமும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்குப் பிராணவாயுவைவிட அதன் மேல் 200 மடங்குக்கு மேல் பற்று. வந்தவனை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிடும். கதவைச் சாத்திய அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்காதே என்று பெரியவர்கள் சொல்லுவதற்கும் இதுவே காரணம். 'லேசாகக் கிறுகிறுக்கிறது, மிதப்பது போல் இருக்கிறது' என்று பிள்ளைகள் மெச்சிக்கொள்ளும்போது, அதில் நிகோடினுக்கு ஒரு பங்கு. மூளைக்குப் பிராணவாயு குறைந்ததற்கு இன்னொரு பங்கு. ஹூக்கா குடித்த இடத்திலேயே கார்பன் மோனாக்சைடு தாக்கி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி வைத்தியப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன.

இப்போது புரிகிறதா, அம்மா? சரக்கு எவ்வளவு மட்டமோ, அவ்வளவு சீக்கிரம் தொண்டை எரிந்து, குழாயைக் கீழே வைத்துவிடுவார்கள். சரக்கு எவ்வளவு உசத்தியோ, அவ்வளவு ஆழமாகவும் அவ்வளவு நேரமும் இழுப்பார்கள். நெய் உசத்தியானால் தின்கிறவர்களுக்கு நன்மை. காப்பி உசத்தியானால் ஒரு டம்ளரோடு திருப்தி. இந்த ஒரு சரக்கில் மட்டும், முதல் மார்க் வாங்கினது எதுவோ அதுவே முதல் எதிரி.

மறுநாள் காலையில் இதையெல்லாம் என் அண்ணன் மகளிடம் சொன்னேன். உபதேசமாகச் சொல்லவில்லை; கணக்காகச் சொன்னேன். இருபது வயதுக்கு உபதேசம் பிடிக்காது, கணக்குப் பிடிக்கும். "சரி, அத்தை. புகையிலையே இல்லாத மூலிகை ஹூக்கா என்று விற்கிறார்களே, அது?" என்று மடக்கினாள். நல்ல கேள்வி. அதில் நிகோடின் இல்லை, அவ்வளவுதான். தணல் அதே தணல், பாகு அதே பாகு, கிளிசரின் அதே கிளிசரின். பரிசோதித்தவர்கள் அந்தப் புகையிலும் கார்பன் மோனாக்சைடும் தாரும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கக் கண்டார்கள். ஒரே குழாயை நாலு பேர் வாய் மாற்றிக்கொள்ளுவதில் தொற்றிக்கொள்ளும் வியாதிகள் வேறு. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் காப்பியைக் குடித்தாள். பிறகு, "அந்த லக்னோ மாமி கெட்டிக்காரி, அத்தை" என்றாள்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. ஹூக்காக் கூடங்களைத் தடை செய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை 2022ல் நிறைவேற்றியது. 2023ல் ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. மீறி நடத்துகிறவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை. கர்நாடகம் 2024 பிப்ரவரியில் ஹூக்கா விற்பனைக்கே தடை போட்டது. ஆனால் ஜஹாங்கீரின் தடை என்ன ஆயிற்று என்று பார்த்தோம் அல்லவா? சட்டம் கடையை மூடும். சிநேகிதியின் வீட்டு மாடி அறையை அதனால் மூட முடியாது. அங்கே காவல் இருக்க வேண்டியது பிள்ளைகளின் சொந்த புத்திதான். அந்தப் புத்திக்கு வேண்டிய கணக்கை நாம்தான் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது சட்டையிலோ தாவணியிலோ பழவாசனை வீசினால், உடனே கூச்சல் போட்டு ஊரைக் கூட்ட வேண்டாம். நல்ல வாசனையாக இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, சிகரெட்டுக்கு அரை லிட்டர், இதற்கு எத்தனை லிட்டர் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காலேஜில் படிக்கிற குழந்தைகள். பெருக்கல் தெரியாமல் இருக்குமா?